நிறைஞ்சிருக்கு

நவம்பர் 4, திங்கள்

பால்வாடிக்கு இன்று பதினோரு பிள்ளைகள். காலையில் சத்துமாவு, மதியம் பருப்புச் சோறு. புது ரிஜிஸ்தர் வந்துவிட்டதால் பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள். அதில்தான் இதை எழுதுகிறேன். வத்தலக்குண்டில் விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தவள் நான். எங்கள் தூவானக்காட்டில் இந்த ராசகிளியின் கையெழுத்துக்கு மேல் ஒரு கையெழுத்து இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். பெயர் அருளப்பன். வீட்டுக் கணக்கெடுப்பு. ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, வலது முழங்காலில் துணிப்பட்டை. அடிவாரத்திலிருந்து மூன்று மணி நேர ஏற்றத்தை ஆறு மணி நேரத்தில் ஏறியிருக்கிறார். மட்டக்குதிரைக்காரன் அவரை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டானாம், குதிரைமேல் இரக்கப்பட்டு.

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு உயரத்துல எதுக்கு வந்து குடியிருக்கீங்க?"

"கீழ இருந்தா உங்கள மாதிரி ஆளுக தெனமும் வந்துருவாகய்யா" என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் சிரித்தார்.

அவர் பையில் பதினேழு படிவங்கள், வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நாற்பத்திரண்டு கேள்வி. எல்லாம் எழுதி முடித்தால் ஊரையே கீழே இறக்கி, அடிவாரத்தில் தொகுப்பு வீடு கட்டித் தருவார்களாம். மூன்று வருஷமாக வாய்ப்பேச்சாக இருந்தது, இப்போது தாளாக வந்திருக்கிறது. எனக்கு இறங்க மனசே கிடையாது.

அவரைப் பால்வாடிக் கட்டடத்தில் படுக்க வைத்தேன். ஊரில் அது ஒன்றுதான் கான்கிரீட். "அப்பாடா, இது ஒண்ணாவது கட்டடமா இருக்கு" என்றார். படுத்துப் பார்க்கட்டும் என்று வந்துவிட்டேன்.

நவம்பர் 5

விடியற்காலையில் மலை உறுமியது. ஆனைச்சரிவில் மண் இறங்கிவிட்டது. நடைபாதை போன இடத்தில் இப்போது செம்மண் குழம்பும் வேரோடு சாய்ந்த மரங்களும். ஊர் மூப்பர் சடையப்பன் போய்ப் பார்த்து வந்து, தலைப்பாகையை அவிழ்த்து முதல் வீட்டுத் தூணில் கட்டினார். "அடைப்பு" என்றார். ஒரே வார்த்தை. பாதை திறந்து அவர் அதை அவிழ்க்கும்வரை ஊர் அடைப்பில் இருக்கிறது என்று கணக்கு.

அடைப்பு எங்களுக்குப் புதிதன்று. ஆனால் அடைப்புக்கு ஒரு சட்டம் உண்டு, அதை எழுதிவிடுகிறேன். என் பூட்டன் காலத்தில் ஓர் அடைப்பின் நாலாம் நாள், ஒருத்தி வாசலில் நின்று "எங்க வீட்ல சாமை இல்லை" என்று அழுதிருக்கிறாள். அதைக் கேட்ட பக்கத்து வீடு தன் தானியத்தை ஒளித்தது. அதைப் பார்த்து அடுத்த வீடும் ஒளித்தது. பயம் பிடித்து ஏழு பேர் மழையிலேயே சரிவில் இறங்கினார்கள், திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து அடைப்பு நாளில் அந்த மூன்றெழுத்துச் சொல் எங்கள் ஊரில் ஆகாது. வரவில்லை, போகவில்லை என்று வேறு சொல்லின் வாலாக வந்தால் பரவாயில்லை. தனியாக நிற்கக் கூடாது. இந்தப் பத்தியோடு என் கையும் அதை நிறுத்திக்கொள்கிறது.

இருந்தால் "இருக்கு" என்போம். தீர்ந்துவிட்டால் "நிறைஞ்சிருக்கு" என்போம். "உப்பு நிறைஞ்சிருக்குக்கா" என்று ஒருத்தி சொன்னால், சொன்ன மாதிரி எதையும் காட்டிக்கொள்ளாமல் அடுத்த வீட்டுக்காரி ஒரு கிண்ணம் உப்பை முந்தானையில் மூடிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருவாள். கேட்டவளும் கேட்கவில்லை, கொடுத்தவளும் கொடுக்கவில்லை. கையேந்தாமல் கேட்பதற்கு இதைவிட மரியாதையான வழி எந்த ஊரில் இருக்கிறது என்று யாராவது காட்டட்டும்.

நவம்பர் 6

மழை விடவில்லை. அதிகாரிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அதனால் பால்வாடியில் உட்கார்ந்தபடியே வீடு வீடாக ஆளைக் கூப்பிட்டு எழுதிக்கொள்கிறார். நான் பக்கத்திலிருந்து பெயர் சொன்னேன்.

"மருத்துவ வசதி உண்டா?"

"நிறைஞ்சிருக்குங்க."

"தெருவிளக்கு?"

"நிறைஞ்சிருக்குங்க."

"மூணு மாசத்துக்குத் தேவையான உணவு இருப்பு?"

இதற்கு மட்டும் வீட்டுக்கு வீடு வேறு பதில். சிலர் இருக்கு என்றார்கள், சிலர் நிறைஞ்சிருக்கு என்றார்கள்.

அவர் அயராமல் எழுதினார். மனுஷர் எங்கள் பேச்சை இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாரே என்று எனக்கு ஆச்சரியம்தான்.

கடைசிக் கேள்வி: கீழே தொகுப்பு வீட்டில் குடியேறச் சம்மதம் உண்டா? மூப்பர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சம்மதம் நிறைஞ்சிருக்கு" என்றார். அடுத்தடுத்து எல்லா வீடும் அதையே சொன்னது. என் முறை வந்தபோது எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சம்மதந்தானங்கய்யா? நிறைஞ்சு வழியுதுங்க, அள்ளிக்கிட்டுப் போங்க!" என்றேன். அத்தனை பேரும் கெக்கலித்துச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். முகத்தில் அறைந்த மாதிரி சொன்னதையும் சிரித்தபடி வாங்கிக்கொள்கிறாரே, பெரிய மனசுதான்.

நவம்பர் 7

நான் நினைத்தது நடந்தது. கான்கிரீட் சுவர் இரண்டு இரவில் வேர்த்து ஒழுகி, அதிகாரிக்கு ஜலதோஷம். குரல் போய்விட்டது. "காய்ச்சல் மூன்றெழுத்தும்மா, சளிதான்" என்றார். (அவர் நேராகவே சொன்னார். நான்தான் மாற்றி எழுதுகிறேன். விருந்தாளிக்கு விலக்கு உண்டு, எனக்குக் கிடைக்காது.) அவர் ஒவ்வொரு முறை அந்தச் சொல்லைச் சொல்லும்போதும் பிள்ளைகள் விரல் மடக்கி எண்ணுகிறார்கள். தன் குல்லாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவர் குல்லாவைக் கழற்றிவிட்டார்.

நேற்று சாயங்காலமே என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். திரும்பி வெளியே போகும்போதும் இடித்துக்கொண்டார்.

"நாலடிக்கு ஒரு வாசலா? மனுஷன் எப்படிம்மா போறது?"

"மனுசன் குனிஞ்சு வந்துருவான், காத்துக்குக் குனியத் தெரியாதுங்கய்யா" என்று என் மருமகள் தவமணி சொன்னாள். வாயாடி. அவளுக்கு இது ஏழாம் மாசம். என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் நானும் அவளும்தான்.

இரவு அடுப்படி ஓரம் படுத்தவர் காலையில் குரலோடு எழுந்தார். பிறகு வீட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பதினேழு வீடும் ஒரே வரிசை, சுவரோடு சுவர், ஒரே நீளக் கூரை. மேல் வீட்டு அடுப்புச் சூடு கீழ் வீட்டுச் சுவருக்கு வரும். கூரை முன்னால் இறங்கி நிற்பதால் முதல் வீட்டிலிருந்து கடைசி வீட்டுக்குத் தலை நனையாமல் போகலாம். அடுப்புக்கு மேலே மூங்கில் பரண். புகை அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதனால் பரணில் இருக்கும் தானியத்துக்கும் பூண்டுக்கும் மழையிலும் பூசணம் வராது. மழைக்காற்று கிழக்கேயிருந்து வரும், வாசல் எல்லாம் மேற்கே பார்த்து இருக்கும்.

"எந்த இன்ஜினியரும்மா போட்ட பிளான் இது?" என்றார்.

"மழைதான் போட்டுச்சு. எங்காளுக கட்டுனாக" என்றேன். இந்தப் பதில் எனக்கே பிடித்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 9

முழங்கால் கொஞ்சம் தேவலை என்று, சிக்னல் பாறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அரை மணி ஏற்றம், அவருக்கு ஒன்றே முக்கால் மணி. அவருடைய ஆபீசுக்குப் போன் போட்டார். மழையில் எட்டு மலை ஊர்கள் துண்டிக்கப்பட்டிருக்கின்றனவாம். ஆள் வைத்துத் தலைச்சுமையாக அரிசி பருப்பு அனுப்புகிறார்கள், எந்த ஊருக்கு முதலில் என்று கேட்டிருக்கிறார்கள்.

"தூவானக்காட்டுக்கு அவசரமே வேண்டாம் சார்! எழுதி வச்சிருக்கேன். பாதி வீட்டுல இருக்குங்கறாங்க, மீதி வீட்டுல நிறைஞ்சே இருக்குங்கறாங்க. தன்னிறைவு பெற்ற கிராமம் சார் இது. நமக்கே சோறு போடறாங்க."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மனுஷர் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொள்ளவேயில்லை.

சொல்லியிருக்கலாம். போன் அவர் கையில் இருந்தது, ஆபீஸ் மறுமுனையில் இருந்தது. ஆனால் தன்னிறைவு பெற்ற கிராமம் என்று சர்க்கார் வாயால் கேட்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னொரு யோசனையும் ஓடியது. தன்னிறைவு என்று தாளில் ஏறிவிட்டால் எங்களை எதற்குக் கீழே இறக்கப் போகிறார்கள்? பசி என்று எழுதினால்தானே இறக்குவார்கள்? ஆகவே சிரித்துக்கொண்டு நின்றேன்.

நம் பரண்கள் நாற்பது நாளுக்குக் கட்டியவை. பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 11

மழை. வேறு எழுத விசேஷம் ஏதுமற்ற நாள்.

நவம்பர் 12

பரண்கள் நாற்பது நாளுக்குக் கட்டியவை என்று எழுதியிருந்தேன். கட்டியது உண்மை. இந்த வருஷம் ஆவணியில் காட்டுமாடுகள் இறங்கிச் சாமைக்காட்டை மிதித்துப்போனதையும், மாசம் பிறந்தால் ரேஷன் அரிசி வரும் என்ற தைரியத்தில் பாதிப் பேர் பரணை நிரப்பாமல் விட்டதையும் எழுதாமல் விட்டேன். இந்த மாச ரேஷன் ஐந்தாம் தேதி வரவேண்டியது.

இன்று எங்கள் வீட்டில் உப்பு நிறைஞ்சிருக்கு. கடலையெண்ணெயும் நிறைஞ்சிருக்கு.

மத்தியானம் கொட்டைமொச்சை வேகவைத்து, புகைப்பூண்டு நசுக்கிப் போட்டு, களியோடு வைத்தேன். அதிகாரி மூன்று உருண்டை சாப்பிட்டார். "உப்பு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். புகையேறிய பூண்டுக்கு உப்பு தேவைப்படாது. அதுவே ஒரு ருசி, கீழே இருப்பவர்களுக்குப் பழக நாளாகும்.

சாயங்காலம் கூரைக்கடியில் வரிசையாக உட்கார்ந்து அடைப்புப் பாட்டு. இந்தப் பாட்டு மழை நாளுக்கென்றே உண்டானது. ஒரு வீடு ஒரு பொருளைச் சொல்லும், அடுத்த வீடு அதைப் பானையில் போடும். பாட்டிலேயே சமைத்து, பாட்டிலேயே பரிமாறி, கடைசி வீடு ஏப்பம் விடவேண்டும். பதினேழு வீட்டையும் சுற்றிவர ஒரு மணி நேரம் ஆகும். பிள்ளைகள் அப்படியே தூங்கிவிடுவார்கள். அதிகாரி பிரியாணி போட்டார். பானை கொள்ளாது என்று மூப்பர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 14

குழந்தைகள் தினம். பால்வாடி வாசலில் வண்ணத்தாள் ஒட்டினேன். சத்துமாவு உருண்டையை எலுமிச்சை அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சின்ன உருண்டைதான் பிள்ளைகளுக்குச் செரிக்கும்.

நவம்பர் 16

பெண்கள் எல்லாம் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காட்டுவள்ளி தோண்டப் போனோம். ஒன்பதாம் வீட்டுச் சின்னப்பேச்சி என்னோடு வந்தாள். இரண்டு பிள்ளைக்காரி, புருஷன் கீழே பெரியகுளத்தில் சிக்கிக்கொண்டான். மண் வழுக்கியதில் இரண்டு தரம் விழுந்தாள். எழுந்து உட்கார்ந்து, "அக்கா, எனக்குப் பொறுமை நிறைஞ்சிருக்கு" என்றாள். நான் அதற்கு எந்த வீட்டிலிருந்து கிண்ணம் கொண்டுபோய் வைப்பேன்? என் பங்குக் கிழங்கில் பாதியை அவள் கூடையில் போட்டேன்.

காலையில் எதிர்மலைக்குச் சுமையாட்கள் வரிசையாக ஏறிப்போவது பனிக்கு நடுவே தெரிந்தது. ஒவ்வொரு தலையிலும் மூட்டை. எங்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை. பிள்ளைகள் கையாட்டினார்கள்.

நவம்பர் 18

இன்று அதிகாரி எங்கள் ஊரை வாயாரப் புகழ்ந்தார். "எட்டு ஊருல ஏழு ஊரு கையேந்திக்கிட்டு நிக்குது. நீங்க மட்டும் நிமிர்ந்து நிக்கிறீங்க" என்றார். என் மனசு நிறைந்துபோனது. அவருக்கு ஒரு கரண்டிக் கூழ் அதிகமாக ஊற்றினேன்.

ராத்திரி தவமணியிடம், "சாப்ட்டியா தாயி?" என்று கேட்டேன்.

"வயிறு நிறைஞ்சிருக்கு அத்தே" என்றாள்.

சந்தோஷமாகப் போய்ப் படுத்தேன்.

நவம்பர் 19

தவமணிக்குத் தலைசுற்றல். பிள்ளைத்தாய்ச்சிக்கு வருவதுதான்.

நவம்பர் 20, புதன்

முந்தாநாள் நான் எழுதியது பொய். யாரும் படிக்காத நோட்டில் எனக்கு நானே எழுதிக்கொண்ட பொய்.

வயிறு நிறைஞ்சிருக்கு என்று தவமணி சொன்னால், இந்த ஊரில் பிறந்த நாய்க்குக்கூட அர்த்தம் தெரியும். எனக்கும் அந்த நொடியிலேயே தெரிந்தது. தெரிந்துதான் கீழே இருப்பவர்கள் பேசுகிற சாதாரண அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். சட்டியில் அவளுக்கென்று வைத்திருந்ததுதான் அதிகாரிக்கு ஊற்றிய அந்த ஒரு கரண்டி. என் பெருமைக்கு என் மருமகளின் கூழை ஊற்றியிருக்கிறேன். அவள் வெறும் வயிற்றோடு என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஊர் வழக்கப்படி மரியாதையாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருந்தால் கிண்ணம் வந்திருக்கும். சொந்த மாமியாரிடம் சொன்னதால் வரவில்லை.

இன்று காலை அடுப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பினேன். இருந்த சத்துமாவைக் கரைத்துக் கொடுத்தேன், பால்வாடிப் பிள்ளைகளின் மாவு. பிறகு அதிகாரியை எழுப்பி, "பாறைக்கு வாங்கய்யா" என்றேன். முழங்காலைக் காட்டினார். "உருண்டாவது வாங்க" என்று சொல்லி, பாதி தூரம் இழுத்தும் மீதி தூரம் தள்ளியும் மேலே கொண்டுசேர்த்தேன்.

போனை வாங்கி நானே பேசினேன். மறுமுனையில் ஒரு பெண் குரல். "தூவானக்காடா? அங்கதான் எல்லாம் நிறைய இருக்குன்னு சொன்னாங்களேம்மா?"

 நாற்பத்தாறு வயசில் எத்தனை அடைப்பு பார்த்திருப்பேன், ஒரு முறைகூட அந்தச் சொல் என் நாக்கில் ஏறியதில்லை. பசி என்று தாளில் ஏறினால் ஊரைக் கீழே இறக்கிவிடுவார்கள் என்பதும் நெஞ்சில் நின்றது. தவமணி அடுப்படியில் கிடந்தது அதற்கு மேலே நின்றது.

"இல்லைங்க" என்றேன். "அரிசி இல்லை. சாமை இல்லை. உப்பு இல்லை. பிள்ளைகளுக்கு மாவு இல்லை. எங்க வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி வயித்துல ஒண்ணுமே இல்லைங்க."

இதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"மூணு நாள்ல வந்துருவோம்மா, தைரியமா இருங்க" என்றாள் அந்தப் பெண். போனைத் திருப்பிக் கொடுத்தேன். அருளப்பன் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ... நீங்கல்லாம் நிறைஞ்சிருக்கு நிறைஞ்சிருக்குன்னு சொன்னது?"

சட்டத்தைச் சொன்னேன். ஏழு பேர் செத்ததையும் சொன்னேன். அவர் பையைத் திறந்து படிவங்களை எடுத்து என் மடியில் வைத்து, கடைசிக் கேள்வியைக் காட்டினார். குடியேறச் சம்மதம் உண்டா? பதினாறு தாளில் "முழுச் சம்மதம்" என்று எழுதியிருந்தது. என் தாளில் மட்டும் "மிகுந்த ஆர்வம்".

எனக்கு எப்படி இது தோன்றாமல் போனது? சோற்று விஷயத்தில் அவர் எங்கள் பேச்சைத் தப்பாகப் பிடித்தார் என்று தெரிந்த அன்றே இது தெரிந்திருக்க வேண்டும். நான் வீசிய கிண்டல் எனக்கு அவ்வளவு அழகாக இருந்தது, அது புரியாமல் ஒருவர் இருப்பார் என்று நினைக்கக்கூட மனசு வரவில்லை.

"இதைத் திருத்த முடியுமாய்யா?"

"முடியும். சம்மதம் இல்லாம யாரையும் இறக்க முடியாதுன்னு படிவத்துலயே போட்டிருக்கு. ஆனா ஒவ்வொரு வீட்டு ஆளும் அவங்க வாயால, சாட்சிக்கு வெளியாள் ரெண்டு பேர் நிக்க, இல்லைன்னு சொல்லணும். இல்லைன்னுதான் சொல்லணும். வேற எதையும் நான் இனிமே எழுத மாட்டேன்மா" என்றார்.

நவம்பர் 21

நான் சொன்ன சொல் எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. பாறைக்குக் கீழே சின்னப்பேச்சி விறகு பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நேற்று மாலை யாரும் என்னோடு பேசவில்லை. ஆனால் தவமணிக்கு மூன்று வீட்டிலிருந்து கிண்ணம் வந்தது. மூப்பர் இன்று காலைதான் வந்தார். வாசலுக்கு வெளியே நின்றார், உள்ளே குனியவில்லை.

"சொல்லிட்டியாமே."

"சொல்லிட்டேன் மூப்பரே."

"எத்தன வாட்டி?"

"ஆறு."

கண்ணை மூடிக்கொண்டார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். படிவ விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு விளங்கவேயில்லை.

"அதான் சம்மதம் நிறைஞ்சிருக்குன்னு அன்னைக்கே சொல்லிட்டமே. அதுக்கு மேல ஒரு மனுசன் எப்படிச் சொல்றது?"

"அவுகளுக்கு அதுக்கு அர்த்தம் சரிங்கறதாம்."

"படிச்ச ஆளுதான அவரு?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். அழவேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "அடைப்புக்குள்ள அந்தச் சொல்லச் சொல்லிட்டு இந்தக் கூரைக்கடியில நான் எப்படிப் படுப்பேன்? தலைப்பாகைய அவுத்தப்பறம் கேக்கச் சொல்லு."

"பாதை தெறக்க ரெண்டு மாசம் ஆகும் மூப்பரே. அவரு சுமையாளுகளோட கீழ போயிருவாரு. தாளும் போயிரும். அப்பறம் படுக்கக் கூரையே மூன்றெழுத்துத்தான்."

மூப்பர் திரும்பிப் போய்விட்டார்.

நவம்பர் 23, சனி

வந்துவிட்டார்கள். சரிவில் கயிறு கட்டி, இருபத்திரண்டு பேர். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, பால்மாவு, மருந்து. கூடவே ஒரு நர்ஸ். தவமணியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது என்றாள். நான் கதவுக்குப் பின்னால் போய் அழுதேன். பிறகு உலை வைத்தேன். தவமணி சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "போதும் அத்தே, எந்திரிங்க, எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள்.

மத்தியானம் அருளப்பன் சுமையாட்களில் இருவரைச் சாட்சிக்கு நிறுத்தி, கூரைக்கடியில் முதல் வீட்டு வாசலில் படிவத்தோடு உட்கார்ந்தார். தூணில் தலைப்பாகை கட்டியபடியே இருந்தது. ஊர் முழுக்க வரிசையாக நின்றது. மூப்பர் வெளியே வந்தார்.

"சடையப்பன். கீழே தொகுப்பு வீட்டில் குடியேறச் சம்மதம் உண்டா?"

மூப்பர் தூணைப் பார்த்தார்.  அருளப்பன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். "நி..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டு மூப்பர் நிறுத்தினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இல்லை!" என்றார். கூரை வரிசையின் கடைசியில் படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது.

அதற்குப் பிறகு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வீடு இல்லை என்றது. மூன்றாம் வீடு கண்ணைப் பொத்திக்கொண்டு இல்லை என்றது. ஐந்தாம் வீட்டுக்காரர் ஒரு முறை போதாதென்று மூன்று முறை சொன்னார். எண்பது வயசுக்கு இப்போதுதான் ருசி கண்டிருக்கிறார். ஒன்பதாம் வீட்டில் சின்னப்பேச்சி என்னைப் பார்த்தாள், மூப்பரைப் பார்த்தாள், தன் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். "சம்மதம் இருக்குங்க" என்றாள். இருக்கு. எங்கள் பேச்சில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு முதலில் சுருக்கென்றது. ஆனால் ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது தனியாக இன்னொரு பக்கம் நின்று நேராகச் சொன்னாளே, அவளும் தூவானக்காட்டுக்காரிதானே. மூப்பர் அவள் தலையில் கை வைத்தார்.

என் வீட்டு முறை வந்தபோது தவமணியைச் சொல்லச் சொன்னேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "எங்க ரெண்டு பேருக்குமே இல்லைங்க" என்றாள். பதினேழாம் வீடு முடிந்தபோது, பதினாறு இல்லை, ஒரு இருக்கு. இத்தனை இல்லை சொல்லி இவ்வளவு நிமிர்ந்து நின்ற ஊரை நான் பார்த்ததில்லை. சட்டம் உடைந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வீடும் எதையும் ஒளிக்கவில்லை, ஒருவரும் சரிவில் இறங்கி ஓடவில்லை.

கிளம்பும்முன் அருளப்பன் தாள்களை என்னிடம் கொடுத்து, சரியா பாரும்மா என்றார். ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏழாம் வீட்டுத் தாளில், குளிரில் கை விறைத்ததோ என்னவோ, "சம்மதம் இலை" என்று எழுதியிருந்தார்.

"ஐயா, இதுல ஒரு 'ல்' விட்டுப்போச்சு."

"ஒரு எழுத்துதானேம்மா. படிக்கிறவங்களுக்குப் புரியும்."

"புரியும்னு நெனச்சுத்தானங்கய்யா பதினேழு வீடும் ஏமாந்தோம்" என்றேன்.

அவர் முழங்காலை மடக்கி மறுபடி உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அந்த 'ல்'லைப் போட்டார்.